அலொட்மென்ட் கொட்டிலில் தேநீரும் ஒரு நேரச் சாப்பாடும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

பிரித்தானியாவில் கவுன்சிலிடமிருந்தோ தோட்டக்காரர் சங்கமொன்றிடமிருந்தோ அலொட்மென்ட் (காய்கறி பயிரிட வாடகைக்கு விடப்படும் தோட்டநிலம்) துண்டொன்றை வாடகைக்குப் பெறும் நம்மவர்கள் பெரும்பாலும் மண்ணையும் விதையையும் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அது நியாயமே. ஆனால் முழுத் துண்டு என்று வழக்கமாகச் சொல்லப்படுவது பத்து ரொட், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றர். இப்போது பல இடங்களில் அதன் பாதியே கொடுக்கப்படுகிறது என்றாலும், மார்ச் மாதக் குளிர்காற்றில் அந்தப் பாதியைக் கொத்தி முடிப்பதற்கே ஒரு நாள் போதாது. சூடாகக் குடிக்கவும் வயிறாரச் சாப்பிடவும் தோட்டத்திலேயே வழி செய்துகொண்டவர்கள்தான் அங்கே மாலைவரை நின்று வேலை செய்கிறார்கள். மற்றவர்கள் மதியத்தோடு வீடு திரும்பி, இரண்டாம் ஆண்டில் துண்டைக் கைவிடுகிறார்கள். ஆகவே இந்த ஏற்பாட்டை நான் சின்ன விடயமாகக் கருதுவதில்லை.

இதில் கடைப்பிடிக்க வேண்டிய முறை ஒன்றுதான். வெட்டுவது, வறுப்பது, தாளிப்பது எல்லாம் வீட்டில் நடக்கட்டும். தோட்டத்தில் கொதிக்க வைப்பதும், அப்போது பறித்ததை அதில் சேர்ப்பதும் மட்டும் நடக்கட்டும். நெருப்பு எப்போதும் கொட்டிலுக்கு வெளியே இருக்கட்டும். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் எளிது.

முதலில் உடன்படிக்கையை வாசியுங்கள்

அலொட்மென்ட் நிலம் வழங்கும் கடமையை உள்ளூராட்சி அமைப்புகளுக்கு விதித்தது 1908ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அங்கே அடுப்பு மூட்டலாமா என்பதை நீங்கள் கையொப்பமிட்ட வாடகை உடன்படிக்கைதான் சொல்லும். இது இடத்துக்கு இடம் மாறுகிறது. சில இடங்களில் சிறிய காஸ் அடுப்புக்குத் தடையில்லை, ஆனால் விறகு நெருப்புக்கு உண்டு. சில இடங்களில் குப்பை எரிப்பதைக் குளிர்கால மாதங்களில் மட்டும் அனுமதிக்கிறார்கள். காஸ் சிலிண்டரைக் கொட்டிலில் விட்டுச் செல்லக் கூடாது என்று எழுதியிருப்பதும் உண்டு. வாசித்து விளங்காவிட்டால் தோட்டச் செயலாளரிடம் கேட்டுவிடுங்கள். பக்கத்துத் துண்டுக்காரர் செய்கிறார் என்பது உங்களுக்கு அனுமதியாகாது.

கொட்டிலுக்குள் ஏன் அடுப்பு கூடாது

மழை பெய்யும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒரு சின்ன அடுப்பை மூட்டினால் என்ன என்ற எண்ணம் எவருக்கும் வரும். உயிர் போகும் இடம் அதுவே. காஸ், ஸ்பிரிட் (எரிசாராயம்), விறகு, கரி ஆகிய எதுவானாலும் காற்றோட்டம் குறைந்த இடத்தில் எரியும்போது காபன் மொனொக்சைட் சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், சோர்வு என்று அது தொடங்கும். உடம்பு முறிய வேலை செய்தவருக்கு அவை களைப்பின் அறிகுறிகளாகவே தோன்றும் என்பதால்தான் அது இவ்வளவு ஆபத்தானது. அப்படித் தோன்றினால் உடனே வெளியே வந்து, மற்றவர்களையும் வெளியே எடுத்து, 999ஐ அழையுங்கள். அணைந்துபோன பாபெக்கியூ அடுப்பைக் கதகதப்புக்காக உள்ளே கொண்டுவருவதும் இதே ஆபத்துத்தான்; தணல் மங்கிய பிறகும் கரி அந்த வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. அடுப்பில் எரியும் பியூட்டேன் காற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாமல் கொட்டிலின் தரையில் தேங்கி நிற்கும். அடுத்த தீக்குச்சிக்குக் காத்திருக்கும். பலகைச் சுவர், காய்ந்த வைக்கோல், புல்வெட்டும் இயந்திரத்துக்கான பெற்றோல் எல்லாம் அதே தரையில் இருக்கின்றன.

ஆகவே கொட்டில் வாசலிலிருந்து ஓரிரு மீற்றர் தள்ளி, நடைபாதைக் கல் இரண்டைச் சமமாகப் பதித்து, அதையே அடுப்படியாக வைத்துக்கொள்ளுங்கள். காற்று வரும் பக்கத்தில் ஒரு பலகையை நிறுத்தினால் போதும். காற்றுத் தடுப்பு என்று அடுப்பைச் சுற்றி நான்கு பக்கமும் தகரம் வளைப்பது கூடாது, ஏனெனில் காஸ் குப்பி சூடாகி வெடிக்கலாம். ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு தீயணைப்புப் போர்வையும் இருந்தால் நல்லது.

எந்த அடுப்பு

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, பெட்டிக்குள் படுக்கையாகக் குப்பி வைக்கும் ஒற்றை காஸ் அடுப்பு. விலை குறைவு, சட்டி சாயாது, சுவாலையைக் கூட்டிக் குறைக்கலாம். அதில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். குப்பியை மாற்றுவது திறந்த வெளியில், அருகே வேறு நெருப்பு இல்லாதபோது மட்டுமே. குப்பி இருக்கும் அறைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்கு அகலமான சட்டியை வைக்காதீர்கள். அடிச்சூடு குப்பியில் இறங்கும். இந்தக் குப்பிகளில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது பூச்சியம் பாகை அளவில் வாயுவாக மாறுவதை நிறுத்திவிடுவதால், உறைபனிக் காலையில் அடுப்பு பொசுபொசுவென்று எரிந்து அணைந்துபோகும். அடுப்பில் கோளாறு என்று எண்ண வேண்டாம். குளிர்காலத்துக்கு புரொப்பேன் கலந்த குப்பியையும் அதற்கேற்ற அடுப்பையும் வாங்குங்கள். அணையும் குப்பியை இன்னொரு அடுப்பில் காட்டிச் சூடாக்குவது ஒருபோதும் கூடாது.

ஒரு குப்பி எவ்வளவு நாள் வரும் என்று பலரும் கேட்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பாகையில் உள்ள ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 380 கிலோஜூல் வெப்பம் வேண்டும். வெளியில் எரியும்போது பாதி வெப்பம் காற்றோடு போகிறது என்று கொண்டால் அதற்கு 16 அல்லது 17 கிராம் காஸ் செலவாகும். எனவே 227 கிராம் குப்பி ஒன்று பதின்மூன்று, பதினான்கு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். மூடி போடாமல் வைத்தால் இதைவிடக் குறையும்.

ஸ்பிரிட் அடுப்பு என்றால் சுவீடனின் ட்ராஞ்சியா வகை. காற்றில் நன்றாக நின்று எரியும், சத்தம் கிடையாது, பழுதாவதற்கு அதில் எதுவும் இல்லை. ஸ்பிரிட்டில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் சட்டியில் கரி பிடிப்பது குறையும். ஆனால் வெயிலில் அதன் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஸ்பிரிட் ஊற்றினால் நெருப்பு போத்தல்வரை பாயும். முழுதாக ஆறிய பிறகுதான் மீண்டும் ஊற்ற வேண்டும். பிள்ளைகள் கூட வரும் நாள்களில் இந்த அடுப்பைத் தவிர்ப்பது நல்லது.

விறகு நெருப்புக்கு அனுமதி இருக்குமிடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது புகைபோக்கிக் கேத்தில். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய கெலி கேத்தில் இதில் பெயர்பெற்றது. இரட்டைச் சுவர் கொண்ட உயரமான பாத்திரம். சுவர்களுக்கிடையே தண்ணீர், நடுவே வெறும் குழாய், அடியில் தணல் தட்டு. தட்டில் கசக்கிய காகிதமும் சுள்ளியும் வைத்து மூட்டி, மேலே கேத்திலை வைத்து, பென்சில் தடிப்பான காய்ந்த குச்சிகளை மேல்வாயால் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தால், நடுக்குழாய் நெருப்பை இழுத்து உறுமத் தொடங்கும். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் தண்ணீர் கொதித்துவிடும். கத்தரித்துக் காய்ந்த ராஸ்பெரித் தண்டு, ஆப்பிள் மரச் சுள்ளி, சூரியகாந்தித் தண்டு, சோளச் சக்கை எல்லாம் அதற்கு விறகு. இதில் தவறக் கூடாதவை மூன்று. தண்ணீர் நிரப்பாமல் நெருப்பில் வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றும் வாயின் தக்கையை அடைத்தபடி ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். நீராவி அதைச் சுடுதண்ணீரோடு முகத்தில் வீசியடிக்கும். தூக்கும்போது கைப்பிடியை இரு பக்கமும் பிடித்துக் கிடையாக நிறுத்தித் தூக்குங்கள். மேல்வாய்க்கு நேரே கையையோ முகத்தையோ கொண்டுபோகாதீர்கள். பிறகு ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் கேத்திலின் அடிப்பக்கத்தில் கோத்திருக்கும் சங்கிலி என்று பிடித்துச் சரித்து ஊற்ற வேண்டும்.

வர்ணம் பூசிய பலகை, பச்சை நிறம் ஏறிய பழைய வேலிக் கட்டைகள், லோரல் வேலிக் கிளை ஆகியவற்றை இதில் எரிக்காதீர்கள். பழைய பதனிட்ட மரத்தில் ஆர்செனிக் இருக்கலாம்.

மின்சாரக் கேத்தில் பற்றியும் ஒரு வார்த்தை. சூரிய ஒளித் தகடும் பற்றரியும் வைத்திருப்பவர்கள் 12 வோல்ட் கேத்திலை வாங்க நினைப்பார்கள். 150 வாட் கேத்தில் அரை லீற்றரைக் கொதிக்க வைக்க, வெப்பம் சிறிதும் வீணாகாவிட்டால்கூட, இருபது நிமிடத்துக்கு மேல் எடுக்கும். அந்தப் பற்றரியை விளக்குக்கும் வானொலிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

தோட்டத்துத் தொட்டித் தண்ணீரும் கொட்டில் கூரையிலிருந்து பீப்பாவில் விழும் மழைநீரும் செடிக்குரியவை. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் போன்ற நோய்கள் திறந்த தொட்டிகளில் இருக்கலாம்; கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் கூரைத் தார்த்தாளிலிருந்து இறங்கிய இரசாயனம் போகாது. குடிக்கவும் சமைக்கவும் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஆளுக்கு இரண்டு லீற்றராவது கொண்டுபோங்கள்.

கொண்டுபோகும்போதே அதில் ஒரு லீற்றரைக் கொதிக்க வைத்து பிளாஸ்க்கில் எடுத்துச் செல்வது மிகப் பெரிய சேமிப்பு. முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் பிளாஸ்க்கைச் சூடாக்கி, அதைக் கொட்டிவிட்டு, மீண்டும் கொதிநீரை விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். மதியத்தில் அது எண்பது பாகையில் இருந்தால், திரும்பக் கொதிக்க வைக்க முன்சொன்ன காஸில் கால் பங்குகூடச் செலவாகாது. பிளாஸ்க் தண்ணீரில் நேரே தேயிலையைப் போட்டால் சாயம் சரியாக இறங்காமல் சப்பென்று இருக்கும். அந்த ஒரு நிமிடக் கொதிப்புக்குத்தான் அடுப்பு.

கை கழுவுவதற்குத் தனியாக ஒரு போத்தல் தண்ணீரும் சவர்க்காரமும் வேண்டும். மண்ணும் எருவும் படிந்த கையில் கிருமிநாசினி ஜெல் வேலை செய்யாது.

கொட்டிலில் எதை விட்டு வரலாம்

கேத்தில், ஒரு மூடியுள்ள சட்டி, இரண்டு எனாமல் கோப்பை, கரண்டி, மழுங்கிய கத்தி ஆகியவற்றை விட்டு வரலாம். அடுப்பையும் காஸையும் வீட்டுக்கு எடுத்து வருவதே நல்லது. அலொட்மென்ட் கொட்டில்கள் உடைக்கப்படுவது வழமை, உடைப்பவர்கள் தூக்கிப் போவதும் அவற்றைத்தான். தேயிலை, சீனி, உப்பு ஆகியவற்றை இறுக்கமாக மூடும் பிஸ்கட் தகர ரின்னில் வையுங்கள். பிளாஸ்ரிக் டப்பாவை எலி ஓரிரவில் அரித்துவிடும். அரிசி, பருப்பு, மா எதையும் அங்கே இருப்பு வைக்காதீர்கள். ஓர் எலி வந்து பழகினால் பக்கத்துத் துண்டுகளுக்கும் அதுவே தொல்லை. பழைய கொட்டிலின் கூரை நெளிந்த சாம்பல்நிறத் தகடாக இருந்தால் அது அஸ்பெஸ்ரஸாக இருக்கலாம். பாத்திரம் தொங்கவிட அதில் துளை போடாதீர்கள்.

சூடாகக் குடிக்க

தேநீருக்குப் பாலைச் சுமந்து திரிய வேண்டாம். பால்மாவைச் சீனியுடன் கலந்து ஆளுக்கொரு சிறு பொட்டலமாகக் கட்டி வந்தால் போதும். இஞ்சியை வீட்டிலேயே நசுக்கி எடுத்து வாருங்கள். கோப்பை குளிர்ந்திருந்தால் முதலில் கொதிநீர் ஊற்றி அலசுங்கள், ஏனெனில் எனாமல் கோப்பை சூட்டை உடனே விட்டுவிடும். குளிர்காலத்தில் தேநீரைவிட நன்றாக உடம்பைப் பிடிப்பது மல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு). இரண்டையும் சிறிது மிளகோடு வீட்டில் வறுத்துக் கரகரப்பாக இடித்து எடுத்து வந்து, கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி என்று போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பனங்கற்கண்டைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். கோடையில் துண்டின் ஓரத்தில் தானாகப் பெருகும் புதினாவில் ஒரு பிடி பறித்து, கழுவி, கொதிநீரில் போட்டு மூடி வைத்தாலே போதும். பக்கத்துத் துண்டுக்காரருக்கும் ஒரு கோப்பை கொடுங்கள்; அந்த மண்ணில் எது வரும், எது வராது என்பதை அவர்போல் வேறு யாரும் சொல்லமாட்டார்.

ஒரு நேரச் சாப்பாடு

மிக எளியதிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் ரவையை வறுத்து, கடுகு, உளுந்து, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உப்புடன் கலந்து ஆறவிட்டுப் போத்தலில் அடைத்து வாருங்கள். தோட்டத்தில் ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கொதித்ததும், கொட்டிக் கிளறி, அடுப்பை அணைத்து, மூடி ஐந்து நிமிடம் விட்டால் உப்புமா. அப்போது பறித்த பச்சைப் பட்டாணியை அந்தத் தண்ணீரிலேயே முதலில் போட்டுவிடலாம்.

அடுத்தது பருப்பு. மைசூர்ப் பருப்பு அரைக் கோப்பையைக் கழுவி, மஞ்சள் சேர்த்து, சூடாக்கிய அகலவாய் பிளாஸ்க்கில் போட்டு, இரண்டு கோப்பை கொதிநீர் ஊற்றி மூடி வீட்டிலிருந்து புறப்படுங்கள். நீங்கள் கொத்திக்கொண்டிருக்கும்போதே அது பெரும்பாலும் வெந்துவிடும். மதியம் சட்டியில் ஊற்றி நன்றாகக் கொதிக்கவிட்டு, சார்ட் கீரையையோ கேல் கீரையையோ நறுக்கிப் போட்டு, உப்பிட்டு, வீட்டில் அன்று காலையே தாளித்து எடுத்து வந்ததைக் கடைசியில் சேர்த்தால், பாணோடு வயிறு நிறையும். தோட்டத்தில் எண்ணெய் காய்ச்சித் தாளிப்பதை நான் ஏற்பதில்லை; காற்றில் எண்ணெய் தீப்பிடித்தால் கையிலிருக்கும் தண்ணீர் அதை மேலும் பரப்பும். தமிழ்நாட்டார் சக்கரவர்த்திக் கீரை என்று அறிவது இங்கே கொத்திய மண்ணில் களையாகவே முளைக்கிறது. ஐயமின்றி அடையாளம் தெரிந்தவர்கள் அதன் தளிரையும் சேர்க்கலாம். தெரியாதவர்கள் நட்டதை மட்டும் சமையுங்கள். ருபார்ப் இலை நஞ்சு என்பதையும், பச்சை ஏறிய உருளைக்கிழங்கு கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிளாஸ்க்கில் வேகவைக்கும் இந்த முறை சிவப்பு ராஜ்மாவுக்குப் பொருந்தவே பொருந்தாது. அதிலுள்ள நஞ்சு அழிய, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும்; இளஞ்சூட்டில் கிடந்தால் நஞ்சு கூடவும் செய்யும். இங்கே எல்லோரும் பந்தலில் ஏற்றும் ரன்னர் பீன்ஸையும் பச்சையாக உண்ணாமல் நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். சோற்றிலும் கவனம் வேண்டும். இளஞ்சூட்டில் கிடக்கும் சோற்றில் வெப்பத்துக்கும் சாகாத கிருமியின் வித்துகள் பெருகி நஞ்சை உண்டாக்கும். பிறகு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. 63 பாகைக்கு மேல் சூடு நிற்கும் என்று உறுதியில்லாத டப்பாவில் சோறு கொண்டுபோகாமல் பாண், அவல், இடியப்பம் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதத்தில் முதல் உருளைக்கிழங்கைக் கிண்டும் நாள் சொதிக்குரிய நாள். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், மஞ்சள், உப்பு எல்லாம் ஒரே பையில் வீட்டிலிருந்து வரட்டும். புதுக் கிழங்கின் தோல் கைவிரலால் தேய்த்தாலே உரியும். உரிக்காவிட்டாலும் குறையில்லை, மண் போகக் கழுவினால் போதும். சிறு துண்டுகளாக வெட்டி, பையிலுள்ளதையும் சேர்த்து, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு மூடிப் பன்னிரண்டு நிமிடம் அவியவிடுங்கள். போஞ்சி காய்த்திருந்தால் ஒடித்துப் போட்டு இன்னும் ஆறேழு நிமிடம். கத்தி முனை கிழங்கில் தடையின்றி இறங்கியதும் சுவாலையைக் குறைத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த தேங்காய்ப் பால்மாவை ஊற்றிக் கிளறுங்கள். ஓரத்தில் நுரை கட்டி முதல் கொதி எழும்பும்போதே இறக்கிவிட வேண்டும். மேலும் கொதித்தால் பால் திரிந்துவிடும். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பிறகே விடுங்கள். கிழங்கு மண்ணிலிருந்து வந்து அரைமணி நேரத்துக்குள் அந்தச் சொதியில் இருக்கும். கடையில் வாங்கியதில் அந்தச் சுவை கிடைக்காது என்று உறுதியாகச் சொல்கிறேன். ஓகஸ்ட் மாத இறுதியில் சோளம் முற்றும்போதும் அப்படித்தான். பறித்ததும் அதன் இனிப்பு மாப்பொருளாக மாறத் தொடங்குவதால், தண்ணீர் கொதித்த பிறகு போய்ப் பறித்து வந்து, ஐந்து நிமிடம் அவித்து உண்ணுங்கள்.

கை சுட்டுவிட்டால் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். இதற்கு மட்டும் தோட்டக் குழாய் எங்கே என்பதை முன்கூட்டியே அறிந்துவையுங்கள்.

புறப்படும் முன்

சட்டியை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் சுடுநீரால் அலசுங்கள். வீட்டில் மறுபடி சரியாகக் கழுவிக்கொள்ளலாம். தேயிலைத் தூளும் மரக்கறித் தோலும் உரக்குழிக்குப் போகலாம், பைத்தேயிலை என்றால் பையில் பிளாஸ்ரிக் இல்லை என்று தெரிந்தால் மட்டும். சமைத்த மிச்சம் ஒரு பிடியும் உரக்குழியில் விழக் கூடாது. அது எலிக்கு விருந்து. தணலில் தண்ணீர் ஊற்றி, கிளறி, புறங்கையால் வெப்பம் பார்த்த பிறகே கதவைப் பூட்டுங்கள். வெறும் காஸ் குப்பிகளை வீட்டுக் குப்பையில் போடாமல் கவுன்சிலின் மீள்சுழற்சி நிலையத்தில் கொடுங்கள். நசுக்கும் வண்டிகளில் அவை தீப்பிடிக்கின்றன. குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்கப் பல இடங்களில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் அணைப்பதற்கான வாளியைப் பீப்பா நீரால் நிரப்பி வையுங்கள். கேத்திலில் தண்ணீர் மிச்சம் விடாமல் கவிழ்த்து வையுங்கள், ஏனெனில் உள்ளே உறையும் பனிக்கட்டி அதன் மூட்டுகளைப் பிரித்துவிடும்.